வயரில் வருவது வீட்டில், காற்றில் வருவது ஸ்டுடியோவில்: மதுரையிலிருந்து ஒரு விண்வெளி ராக் ஆல்பம்

நாலு பேர் சேர்ந்த ஒரு மதுரை இசைக்குழு. கனமான டிஸ்டார்ஷன் கிட்டார், சின்தசைசர், பேஸ், டிரம்ஸ். பாட்டுப் பொருள் அறிவியல் புனைவு. எட்டுப் பாட்டு, எல்லாம் சேர்த்து 35 நிமிடம், ஒத்திகை முடிந்து தயார். கையில் ஒரு லேப்டாப்பும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருக்கின்றன. இந்த நிலையில் முதல் ஆல்பத்தை எங்கே, எப்படிப் பதிவது என்ற முடிவுக்கு உதவுவதே இந்த ஒப்பீடு.

வழி நாலு உண்டு. முழுவதையும் வீட்டு மாடி அறையிலேயே முடிப்பது ஒன்று. உள்ளூர் ஸ்டுடியோவில் முடிப்பது இன்னொன்று. மொத்தக் குழுவும் சென்னைக்குப் போய் ஒரு வாரம் தங்கிப் பதிவது மூன்றாவது. வேலையைப் பிரித்துக்கொண்டு, எது எங்கே நன்றாக அமையுமோ அதை அங்கே செய்வது நாலாவது. எங்கள் கணிப்பு நாலாவதன் பக்கம். அதற்கான கணக்கு எளிது. வயர் வழியாக லேப்டாப்புக்குள் போகும் எதற்கும் நல்ல அறை தேவையில்லை. கிட்டார், பேஸ், சின்த் மூன்றும் இந்த வகை. மைக் வைத்துக் காற்றிலிருந்து பிடிப்பதற்குத்தான் அறை வேண்டும், அதாவது டிரம்ஸுக்கும் குரலுக்கும். காசை அந்த இரண்டுக்கும் மிக்சிங்குக்கும் ஒதுக்குங்கள்.

சென்னையில் எல்லாவற்றையும் பதிவதில் உள்ள சிக்கல் தரமல்ல, மணிக்கணக்குதான். ரிதம் கிட்டாரை இடதும் வலதுமாக இரண்டு முறை வாசித்து, பிழை திருத்தி, ஒரு பாட்டுக்கு ஐந்து முதல் எட்டு மணி நேரம் ஆகும். எட்டுப் பாட்டுக்கு 40 மணிக்குக் குறையாது. சின்த் இன்னும் மோசம். வாசிக்கப் பத்து நிமிடம் என்றால், சரியான ஒலியைத் தேடி ஃபில்டரைத் திருகவே இரண்டு மணி நேரம் போகும். மணிக்கு வாடகை ஓடும் அறையில் உட்கார்ந்து செய்கிற வேலையா இது? உள்ளூர் ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் பக்திப் பாடல், விளம்பரம், குறும்பட டப்பிங் என்று ஓடுபவை. அங்கே குரல் அறை நன்றாக இருக்கும், குரலைப் பிடிக்கவும் தெரியும். டிஸ்டார்ஷன் கிட்டாரை மிக்ஸ் செய்த பழக்கம் இருக்கிறதா என்பதை மட்டும், அவர்கள் செய்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் குரலை மட்டும் அங்கே பதியலாம்.

முதலில் சுருதி

பதிவுக்கு முன்னால் தீர்க்கவேண்டிய முதல் கேள்வி கிட்டாரை எவ்வளவு தாழ்த்துவது என்பது. சாதாரணச் சுருதியில் தடித்த தந்தி ஈ, 82.4 ஹெர்ட்ஸ். தடித்த தந்தியை மட்டும் டி-க்கு இறக்கும் டிராப் டி என்றால் 73.4. டிராப் சி என்றால் 65.4. ஏழு தந்திக் கிட்டாரின் பி 61.7. தாழ்த்தத் தாழ்த்தக் கனம் கூடும் என்று எல்லோரும் பி-க்கு ஓடுகிறார்கள். பாடுபவரின் கட்டையை, அதாவது அவர் குரலுக்கு ஏற்ற ஆதாரச் சுருதியைக் கேட்டுவிட்டு முடிவு செய்வதே முறை. ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை டி. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு டிராப் சி அப்படியே பொருந்தும். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரல் என்றால் ஐந்து கட்டை ஜி, அது சி-யின் பஞ்சமம். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) சி-யில் ஓடட்டும், பாட்டின் மெட்டு பஞ்சமத்தைச் சுற்றி அமையட்டும். இதைப் பதிவுக்குப் பிறகு கண்டுபிடித்தால் எட்டுப் பாட்டையும் மறுபடி வாசிக்கவேண்டும்.

டிராப் சி-க்கு, மெல்லியது முதல் தடித்தது வரை 10-46 என்று தடிமன் போட்ட தந்தி செட் உதவாது. தந்தி தொளதொளவென்று ஆடி, பலமாக அடிக்கும்போது சுருதி மேலே போய்த் திரும்பும். 11-54 அல்லது 11-56 போடுங்கள். 24.75 அங்குல ஸ்கேல் (தந்தி நீளம்) கிட்டாரானால் இன்னும் ஒரு படி தடிமன். தந்தி மாற்றியதும் நெக்கின் வளைவும் இன்டோனேஷனும் மாறும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அங்கே தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று ட்யூனரில் பார்த்து, பாலத்திலுள்ள திருகைத் திருத்துங்கள். கடை செட்-அப் மட்டும் போதாது. கத்திரி வெயிலில் ஏசி போட்ட அறையில் ட்யூன் செய்து, சத்தத்துக்காக ஏசியை அணைத்துவிட்டு வாசித்தால் பத்து நிமிடத்தில் சுருதி நகர்ந்திருக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூனர். சலிக்காமல்.

ஆம்ப்பா, பிளக்-இன்னா

நூறு வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரின், அதாவது ஆம்ப்பின், ஒலி தனிதான். ஆனால் அது தன் குணத்தைக் காட்டும் சத்த அளவில், ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள் நிறைந்த தெருவில் மூன்றாம் நிமிடம் கதவு தட்டப்படும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் ஓட்டலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வால்வு ஆம்ப் ஸ்பீக்கரோ, அதற்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸோ இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். அதைச் சுற்றித் தரும் ஆளைத் தேடி அலையவேண்டிவரும்.

எனவே வீட்டில் நேரடியாக டிஐ, அதாவது ஆம்ப்பும் மைக்கும் இல்லாமல் கிட்டாரை வயர் வழியே பதிவது. கிட்டாரை இன்டர்ஃபேஸில் சொருகி, இன்ஸ்ட்ருமென்ட் பொத்தானை அழுத்துங்கள். இதை மறந்தால் பிக்கப்பின் (தந்தி அசைவை மின்னலையாக்கும் காந்தச் சுருளின்) உயரலைகள் செத்து, போர்வைக்குள்ளிருந்து வாசித்தது போல இருக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். உச்ச அடியில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். ஆம்ப் ஒலியை லேப்டாப்பிலேயே உண்டாக்கும் பிளக்-இன் மென்பொருளான ஆம்ப் சிமுலேட்டரில் காசு கொடுத்து வாங்குபவை பல இருக்க, நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம். உண்மையான ஆம்ப்களைப் பிடித்துவைத்த மாடல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்குப் பின்னால் ஸ்பீக்கர் கேபினட்டின் ஒலிக்குணத்தைப் பிடித்துவைத்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு ஒன்று வைக்கவேண்டும். அது இல்லாமல் கேட்டால் தேனீக்கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும். பலர் பிளக்-இன் மோசம் என்று தீர்ப்பு எழுதுவது இந்த இடத்தில்தான். பஃபரை (லேப்டாப் ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவை) 128 சாம்பிளில் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட். உள்ளே போய் வெளியே வரும் மொத்தத் தாமதம் பத்து மில்லிசெகண்டுக்குள் இருந்தால் கைக்குத் தெரியாது.

டிஐ-யின் பெரிய லாபம் வேறு. ஆம்ப் ஒலியை வாசிக்கும் அன்று முடிவு செய்யவேண்டியதில்லை. பச்சையான டிஐ கோப்பு இருந்தால் மிக்ஸ் செய்பவர் பின்னால் அதை ரீஆம்ப் பாக்ஸ் வழியாக உண்மையான ஆம்ப்புக்குள் அனுப்பி, எஸ்எம்57 மைக் வைத்துப் பிடிக்க முடியும். அந்தப் பாக்ஸ் இல்லாமல் இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டை நேரே ஆம்ப்பில் சொருகினால் அளவும் மின்தடையும் பொருந்தாமல் ஒலி கடுகடுக்கும்.

மதுரை வீட்டில் டிஐ-க்கு வரும் எதிரி இரைச்சல். காரணம் பெரும்பாலும் கிட்டாரில் இல்லை. முதலில் ஃபேன் ரெகுலேட்டர். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களில் பல மின்னலையை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. அந்த நறுக்கல் பிக்கப்பில் கிர்ரென்று ஏறும். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், அல்லது நிறுத்துங்கள். நடுவில் வைக்காதீர்கள். எல்இடி டியூப் லைட்டின் டிரைவரும் இதே வேலையைச் செய்யும். அடுத்து எர்த். பழைய வீடுகளில் மூன்று ஓட்டைச் சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் நின்று, கையை எடுத்தால் திரும்பினால், லேப்டாப் உடலைத் தொடும்போது விறுவிறுவென்று இருந்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். இது இசைக்காக மட்டும் இல்லை, உயிருக்காகவும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும் நேரத்தில் கிட்டார் பதியவே வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகல் முழுதும் மின்சாரத்தை நிறுத்தும் நாளை நாளிதழில் பார்த்து, அதையே நல்ல நாளாக்கிக்கொள்ளலாம். தெருவே இரைச்சலில்லாமல் இருக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, யுஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் இன்டர்ஃபேஸும் பேட்டரியில் ஓடும் லேப்டாப்புமாக உட்கார்ந்தால் கிட்டார் டிஐ அவ்வளவு சுத்தமாக வரும்.

கெயினைக் குறையுங்கள். தனியாகக் கேட்கும்போது போதாதது போலத் தோன்றும் டிஸ்டார்ஷன், இடதும் வலதும் இரட்டித்தபின் போதுமானதாகிவிடும். கெயின் கூடினால் ஒலி தட்டையாகிச் சின்த்துக்கு இடமே விடாது. இரண்டாவது ட்ராக்கை நகலெடுக்கக் கூடாது. மறுபடி வாசிக்கவேண்டும், முடிந்தால் வேறு கிட்டாரில். இந்த வகை ஆல்பத்துக்கு நாலு ட்ராக் அடுக்குவது வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அது கிட்டார் மட்டுமே இருக்கும் இசைக்குப் பொருந்தும்.

சின்த்: பெட்டியா, மென்பொருளா

ஆல்பம் தடுக்கி விழும் இடம் இது, எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டிஸ்டார்ஷன் கிட்டாரில் இரண்டு சுரத்தைச் சேர்த்து அடித்தால், அந்த இரண்டோடு அவற்றின் கூட்டலும் கழித்தலுமான புது அலைகளும் பிறக்கின்றன. சட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்தால் அந்தப் புது அலைகள் அதே குடும்பத்தில் விழும், ஒலி கெட்டியாகும். ராக் உலகம் பவர் கார்டு என்பது நம் தம்புராவின் ச-ப தான். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால் புதிதாகப் பிறப்பவை எங்கெங்கோ விழுந்து சேறாகிவிடும். ஆகவே காந்தாரத்தைக் கிட்டாரிடம் கொடுக்காதீர்கள், சின்த்திடம் கொடுங்கள். கிட்டார் ச-ப பிடித்து நிற்க, மேலே சின்த் சாதாரண காந்தாரம் வைத்தால் இருண்ட நிறம், அந்தர காந்தாரம் வைத்தால் வெளிச்சம். ஒரே ரிஃப், சின்த்தின் ஒற்றைச் சுரத்தில் உணர்ச்சி மாறுகிறது. இந்த வேலைப் பங்கீடு அமைந்துவிட்டால் பாதி மிக்சிங் முடிந்தது.

மீதிப் பாதி அலைவரிசைப் பாகப்பிரிவினை. பெரும்பாலானவர்கள் முதலில் திறக்கும் பேட்ச் (சின்த்தில் சேமித்துவைத்த ஒலி), ஏழு அடுக்கு ரம்பப்பல் அலையை இழுத்து விரித்த பிரம்மாண்டம். தனியாகக் கேட்டால் விண்கலம் புறப்படுவது போலத்தான் இருக்கும். கிட்டாரோடு சேர்ந்தால் இரண்டும் 200 முதல் 500 ஹெர்ட்ஸிலும், 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸிலும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கடைசியில் எதுவும் தனித்துக் கேட்காது. இதற்கு மூன்று வழி இருக்கிறது. பேட் ஒலியை, அதாவது நீண்டு நிற்கும் பின்னணிச் சின்த்தை, 250 அல்லது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது ஒன்று. சின்த்தை ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றி, நீண்டு நிற்கும் கார்டுக்குப் பதில் துள்ளும் ஆர்ப்பெஜியோவாக்குவது இன்னொன்று. மூன்றாவது எல்லாவற்றிலும் எளிது, யாருக்கும் மனம் வராதது: சின்த் பேசும்போது கிட்டார் வாயை மூடுவது. ஒரு பல்லவி முழுக்கக் கிட்டார் இல்லாமல் விட்டுப் பாருங்கள், அது திரும்பி நுழையும் இடம் இரட்டிப்புக் கனமாக இருக்கும். சின்த்தையும் ஆம்ப் சிமுலேட்டருக்குள் விட்டு டிஸ்டார்ட் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். கிட்டார் இல்லாத பகுதியில் மட்டும் செய்யுங்கள். சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் அது மூன்றாவது கிட்டாராகிக் கரைந்துபோகும்.

அடிநாதத்துக்கும் ஒரு சொந்தக்காரர்தான் இருக்கவேண்டும். டிராப் சி-யில் பேஸ் கிட்டாரின் சி 32.7 ஹெர்ட்ஸ். சின்த் பேஸும் கிக் டிரம்மும் அங்கேயேதான் நிற்கின்றன. பாட்டுக்குப் பாட்டு முடிவெடுத்து எழுதிவையுங்கள்: இதில் பேஸ் கிட்டார், அதில் சின்த். சின்த் பேஸ் என்றால் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோவாக்குங்கள், இடதும் வலதும் ஒன்றாகவே இருக்கட்டும். விரிந்த அடிநாதம் ஷேர் ஆட்டோவின் ஸ்பீக்கரில் காணாமலே போகும். கிட்டாரின் 80, 90 ஹெர்ட்ஸுக்குக் கீழான பகுதியைத் தயங்காமல் வெட்டலாம். கனம் என்று நாம் கேட்பதில் பெரும்பங்கு பேஸிடமிருந்து வருகிறது.

இப்போது பெட்டியா மென்பொருளா என்ற கேள்வி. மென்பொருளில் சர்ஜ் எக்ஸ்டி முழு இலவசம். வைட்டலின் அடிப்படைப் பதிப்பும் இலவசம். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் மணியோசைகளும் கண்ணாடிச் சத்தங்களும் வேண்டுமென்றால் டெக்ஸ்டு இலவசம். இந்த மூன்றோடு ஒரு சிறிய மிடி கீபோர்டு (ஒலியை அல்ல, எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு பலமாக என்ற கட்டளையை அனுப்புவது) இருந்தால் ஆல்பத்துக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. பெட்டியாக வாங்கும் அனலாக் சின்த்தின் பெருமை ஒலியைவிடக் கைக்குத்தான். ஒரு குமிழுக்கு ஒரு வேலை, இரண்டு கையாலும் திருகலாம். ஆனால் கோர்க் மினிலாக் போன்ற பெட்டியில் ஒரே நேரத்தில் நாலு சுரம்தான் ஒலிக்கும், ஐந்தாவது விரல் வைத்தால் முதல் சுரம் அறுந்துபோகும். அனலாக் ஆஸிலேட்டர் சூடாகும்வரை சுருதி நகரும், போட்டவுடன் பதியாமல் இருபது நிமிடம் விடுங்கள். காசு ஒரு பெட்டிக்குத்தான் இருக்கிறது என்றால் லீடுக்கும் பேஸுக்கும் ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் மோனோ சின்த் ஒன்று, பேடெல்லாம் மென்பொருளில். காசே இல்லையென்றால் கவலை வேண்டாம், கேட்பவர் எவருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

மேற்கத்திய கையேடுகளில் கிடைக்காத ஒன்று நம் கையில் இருக்கிறது. சின்த்தின் பிட்ச் வீல் வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் நகரும்படி இருக்கும். சுரங்கள் அறுபடாமல் தொடரும் மோனோ லெகாட்டோவில் வைத்து, கிளைடை (ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கும் நேரத்தை) 60, 80 மில்லிசெகண்டில் விட்டு, வீலைக் கையாண்டால் கமகம் வரும். ச-ப பிடித்த கனமான கிட்டாருக்கு மேலே தோடியின் காந்தாரம் அசைவதைக் கேட்டால் அது எந்த ஊர் ஆல்பம் என்று சொல்லவேண்டியிருக்காது. நாதஸ்வரத்தையே கொண்டுவரலாமே என்றால், வரலாம். ஆனால் அதன் உரத்த, கூர்மையான ஒலி கிட்டாரின் கடிக்கும் பகுதியிலேயே வந்து மோதும். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் சும்மா இருந்தால்தான் உண்டு.

பேட்ச்களை ஆடியோவாகப் பதிந்து வைத்துவிட்டு, மிடி கோப்பையும் பேட்ச் கோப்பையும் தனியே சேமியுங்கள். ஆறு மாதம் கழித்து மென்பொருளின் புதுப் பதிப்பு வந்து, அந்த ஒலி அப்படியே திறக்காமல் போவதுண்டு.

டிரம்ஸ்

மாடி அறை பத்துக்குப் பன்னிரண்டு, கான்கிரீட் கூரை, நாலு பக்கமும் பூசிய சுவர். பத்தடிச் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் அருகிலும், பன்னிரண்டடிக்கு 47 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி தங்கி உறுமும். கிக் டிரம் வாழும் இடமே அது. உயரலைகளிலோ, கையைத் தட்டினாலே டிர்ரென்று எதிரொலி. இந்த அறையில் பதினோரு மைக் வைத்தாலும் அறைதான் பதிவாகும். முட்டை அட்டை ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை, தீப்பிடிக்கும் பொருளைச் சுவரில் ஒட்டியதுதான் மிச்சம்.

ஆகவே டிரம்ஸுக்கு இரண்டே தேர்வு: சென்னையில் நல்ல கூடம், அல்லது வீட்டில் நிரல்படுத்திய டிரம்ஸ். விண்வெளி, எந்திரம் என்று போகும் ஆல்பத்துக்கு எந்திரத்தனமான டிரம்ஸ் குறையாகவே தெரியாது, சில பாட்டுக்கு அதுவே பொருத்தம். எம்டி பவர் டிரம் கிட் இலவசம், தொடங்கப் போதும். எல்லா அடியையும் மிடியின் உச்ச பலமான 127-இல் விட்டால் ஸ்னேர் உருட்டல் தையல் மெஷின் போலக் கேட்கும். பலமான அடிகளை 110-க்கும் 125-க்கும் இடையில் ஏற்ற இறக்கமாக விடுங்கள், நடுவில் வரும் சின்ன அடிகளை 40-க்கு இறக்குங்கள். ஹை-ஹாட்டில் ஒன்று பலம், ஒன்று மெலிது. இரண்டு கையால் எந்த மனிதனும் ஒரே கணத்தில் டாம், ஸ்னேர், சிம்பல் மூன்றையும் அடிக்க முடியாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியாக எலக்ட்ரானிக் கிட்டில் டிரம்மரே வாசித்து மிடியாகப் பதியலாம். அதில் காதுக்குச் சத்தமில்லை, ஆனால் கிக் பெடலின் இடி தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். ரப்பர் பாயும் அதன்மேல் தடித்த ஒட்டுப்பலகையும் போட்டால் குறையும், முழுதாக நிற்காது.

டிரம்மர் நன்றாக வாசிப்பவர் என்றால் சென்னைக்குச் செலவழிக்கலாம். கிட்டைப் பொருத்தி, மைக் வைத்து, ஒலி சரிபார்க்கவே நாலைந்து மணி நேரம். கிக் ஒன்று, ஸ்னேருக்கு மேலும் கீழும் இரண்டு, டாம் மூன்று, ஹை-ஹாட் ஒன்று, தலைக்கு மேல் இரண்டு, அறைக்கு இரண்டு. ஒத்திகை முடித்த டிரம்மர் நாளுக்கு நாலு பாட்டு முடிப்பார். இரண்டு முழு நாள் போதும், மூன்றாவதைக் கைக்காவலாக வையுங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியலில் சென்னை, டிரம்மரோடு கூட ஒருவர் மட்டும் போனால் போதும். வீட்டில் பதிந்த கிட்டார் டிஐ, சின்த், கிளிக் (வேகத்தைக் காட்டும் டிக்-டிக் ஒலி) எல்லாம் பென் டிரைவில் போகட்டும். அதற்கு வாசிக்கவேண்டும் என்பதால் கிளிக் வேகமும் பாட்டு வடிவமும் அதற்கு முன்பே இறுதியாகியிருக்கவேண்டும். கிட் அங்கே இருப்பதையே பயன்படுத்தலாம், சிம்பலும் ஸ்னேரும் பெடலும் உங்களுடையதாக இருக்கட்டும். அடிக்கும் தோலைப் பதிவுக்கு முந்தின நாள் புதிதாக மாற்றுங்கள். ஸ்னேருக்கு ஒரு தோல் கூடுதலாகப் பையில். ஞாயிறு மதியம் தோல் கிழிந்தால் கடை தேடி அலைய நேரமிருக்காது.

குரலும் பொருளும்

குரலுக்கு வீட்டிலேயே மைக் வைப்பதா? கண்டென்சர் மைக் நம் தெருவில் அடுத்த தெருச் சீரியலையும் சேர்த்துப் பிடிக்கும். கனமான குரலுக்கு டைனமிக் மைக்தான் பொருத்தம். எஸ்எம்58 போதும். எஸ்எம்7பி வாங்கினால் அதற்கு 60 டெசிபல் வரை கெயின் வேண்டும், மலிவான இன்டர்ஃபேஸில் அவ்வளவு ஏற்றினால் உஸ்ஸென்ற இரைச்சல் கூடும். பாடுபவருக்குப் பின்னாலும் இரு பக்கமும் போடி பக்கத்து இலவம் பஞ்சு மெத்தைகளை நிறுத்தினால் நடு அலைகளிலும் உயரலைகளிலும் உள்ள எதிரொலி செத்துவிடும். நிரந்தரமாகச் செய்வதென்றால் கனமீட்டருக்கு 48 முதல் 60 கிலோ அடர்த்தி ராக்வூல், இரண்டுக்கு நாலடிச் சட்டம், மேலே காற்றுப் புகும் பருத்தித் துணி. பழைய சுங்குடிச் சேலை கச்சிதம். இவை எதிரொலியைத்தான் குறைக்கும், வெளிச் சத்தத்தைத் தடுக்காது. ஆடி மாதக் கூம்பு ஒலிபெருக்கிக்கு மெத்தையெல்லாம் தூசு. ஆடியிலும் மார்கழி விடியற்காலையிலும் சித்திரைத் திருவிழா நாட்களிலும் குரல் பதிவுக்குத் தேதி குறிக்காதீர்கள். ஃபேன் இல்லாமல் பாடவேண்டும் என்பதால் இருபது நிமிடத்துக்கு ஒரு இடைவெளி. இத்தனை தொல்லைக்கு உள்ளூர் ஸ்டுடியோ குரல் அறையில் மூன்று நாள் எடுத்துக்கொள்வது மலிவு.

ஆங்கிலமா தமிழா என்பது சந்தைக் கணக்கு மட்டுமில்லை, ஒலிக் கணக்கும். தமிழில் ற்ற, ட்ட, க்க என்று இரட்டிக்கும் வல்லினம் ரிஃபின் வெட்டுகளோடு பூட்டுப் போட்டது போல உட்காரும். சகரச் சீறல் குறைவென்பதால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் சிம்பலோடு சண்டையும் குறைவு. உச்சஸ்தாயியில் நிற்கும் சொல் ஆ, ஓ என்று திறக்கட்டும். ஈ-யில் முடிந்தால் தொண்டை நெரியும், சொல்லை மாற்றிவிடுங்கள்.

பொருளுக்கு வேறு கிரகம் தேடவேண்டியதில்லை. மேற்கே தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரத்தில், மலைக்கடியில் 50,000 டன் காந்த இரும்பை வைத்து நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பார்க்கத் திட்டமிட்டார்கள், ஊர் எதிர்த்தது. எட்டுப் பாட்டுக்கும் அதுவே போதும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் தொடங்கியது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் 1909-இல் கண்டார். 1977-இல் போன வாயேஜர் கலங்களின் தங்கத் தட்டில் 55 மொழியில் வணக்கம் இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. அந்த விடுபட்ட வணக்கத்தை எழுத ஒரு ராக் குழுவைவிடப் பொருத்தமானவர் யார்? அறிவியலை வரியில் மட்டும் வைக்காமல் தாளத்திலும் வைக்கலாம். 1967-இல் கண்டுபிடிக்கப்பட்ட முதல் பல்சார் (துடிப்பு விண்மீன்) 1.337 நொடிக்கு ஒரு முறை துடிக்கிறது, நிமிடத்துக்கு ஏறத்தாழ 45. கிளிக்கை 89.7-இல் வைத்தால் இரண்டு அடிக்கு ஒரு துடிப்பு. சின்த்தை அந்தத் துடிப்பில் விட்டு மேலே ரிஃபை ஓட்டலாம்.

விண்வெளி ஒலிகளைச் சேர்க்க ஆசைப்பட்டால் நாசா வெளியிடும் ஒலிப்பதிவுகள் பொதுவாகப் பதிப்புரிமைக்கு உட்படாதவை. நாசாவே உங்களை ஆதரிப்பது போலக் காட்டவோ அதன் சின்னத்தை அட்டையில் போடவோ கூடாது. சினிமா வசனத் துண்டை மட்டும் தொடாதீர்கள், ஆல்பமே தளங்களிலிருந்து இறங்கிவிடும்.

மிக்சிங், வெளியீடு

சொந்தமாக மிக்ஸ் செய்வதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. மேலே சொன்ன அதே அறையில், 56 ஹெர்ட்ஸ் பொய் சொல்லும் இடத்தில், மாதக்கணக்காகக் கேட்டுச் சலித்த காதோடு அடிநாதத்தை முடிவு செய்ய முடியாது. கனமான இசை மிக்ஸ் செய்யும் ஒருவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் போதும், நேரில் போகத் தேவையில்லை. கோப்பு அனுப்பும் ஒழுங்குதான் முக்கியம். ஒவ்வொரு ட்ராக்கும் பாட்டின் பூஜ்ஜிய நொடியிலிருந்து தொடங்கவேண்டும், 24 பிட் டபிள்யூஏவி, பெயரில் கருவியும் பக்கமும், கிட்டாரின் டிஐ-யும் நீங்கள் விரும்பிய ஆம்ப் ஒலியும் இரண்டுமே, வேகம் எழுதிய ஒரு தாள், நீங்களே போட்ட தோராய மிக்ஸ் ஒன்று. திருத்தம் எத்தனை சுற்று என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள், மூன்று நியாயம். முதலில் ஒரே ஒரு பாட்டை அனுப்பி, அது பிடித்தபின் மீதியை.

திரும்பி வரும் மிக்ஸை ஃபோன் ஸ்பீக்கரில் கேளுங்கள். 65 ஹெர்ட்ஸ் சி அங்கே வரவே வராது. பேஸின் மேல் அலைகள், 130, 196 என்று அடுக்கிப் போய் 700-ஐத் தாண்டியவை, கொஞ்சம் டிஸ்டார்ஷனோடு இருந்தால்தான் காது அடிநாதத்தைத் தானே கற்பித்துக்கொள்ளும். பேஸே காணோம் என்றால் அடியைக் கூட்டச் சொல்லாதீர்கள், அந்த நடுப்பகுதியைக் கூட்டச் சொல்லுங்கள். அடுத்து மாஸ்டரிங், மிக்ஸின் சத்த அளவை இறுதியாக்கும் வேலை. ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்-க்கு (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு) எல்லாவற்றையும் சமப்படுத்துகிறது. அதற்காக மைனஸ் 14-இலேயே மாஸ்டர் செய்யவேண்டும் என்பதில்லை. கனமான இசை மைனஸ் 9-ஐச் சுற்றி வருவது சகஜம். அதையும் தாண்டி இறுக்கினால் ஸ்னேர் தட்டையாகும், தளம் எப்படியும் சத்தத்தைக் குறைத்துவிடும். இவ்வளவு சத்தமான மாஸ்டருக்கு உண்மை உச்சம் (அலை ஏறும் மேல் எல்லை) மைனஸ் 2 டெசிபல்.

எட்டையும் ஆல்பமாக விடுவதா, ஒவ்வொன்றாகவா? தொடர்கதை இருந்தால் ஆல்பம், ஆனால் இரண்டு பாட்டை முன்னால் தனியாக விடுங்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை ஓடினால்தான் காசு. 30 நொடி கேட்டால்தான் அது ஒரு முறையாகக் கணக்கில் வரும். அறிவியல் புனைவு ஆல்பங்களில் 25 நொடிச் சத்தத் துண்டுகளைத் தனித் ட்ராக்காக வைக்கும் வழக்கம் உண்டு. அவற்றை முந்தின பாட்டின் வாலில் ஒட்டுங்கள். அடுத்த பாட்டின் தலையில் ஒட்டினால் புதிதாகக் கேட்பவர் கிட்டார் வரும் முன்பே தாவிவிடுவார். பரிந்துரைப் பட்டியலுக்கு அனுப்ப வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் பாட்டு தளத்தில் ஏறியிருக்கவேண்டும். மூன்று, நாலு வாரம் விடுவதே நல்லது.

யார் எந்த வரி எழுதினார், எந்த மெட்டு யாருடையது என்று பங்கைச் சதவீதமாக ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள், பதிவு தொடங்கும் முன்பே. பாடலுக்கும் இசைக்கும் உரிமை படைத்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு, ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டு. பாடலாசிரியரும் இசையமைத்தவரும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்-இல் உறுப்பினராகலாம்.

இன்னும் ஒன்று மிக்ஸ் செய்பவரிடம் கடைசிக் காசு கொடுக்கும் முன் கேட்டு வாங்கவேண்டியது: குரலில்லாத பதிப்பும், சின்த் மட்டும் தனியாக உள்ள பதிப்பும், கிளிக்கோடு. கல்லூரி விழா மேடையில் நாலு பேரால் அத்தனை அடுக்குச் சின்த்தை வாசிக்க முடியாது. டிரம்மர் காதில் கிளிக்கும், மேடைக்குச் சின்த்துமாக இரண்டு சேனலில் அது ஓடவேண்டும். வெயிலில் லேப்டாப் நின்றுபோகும் வாய்ப்பு உள்ளதால் அதே கோப்பை ஒரு பழைய ஃபோனிலும் ஏற்றி, வயரோடு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.